மேடையின் முதுகுப் பக்கம்

மாசிக் கடைசியில் ஊர்க் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் மதுரையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். பங்குனிப் பொங்கலுக்குள் மந்தையில் உள்ள நாடக மேடையைப் புதுப்பித்து முடிக்க வேண்டும் என்று வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய தகரத்தை எடுத்துவிட்டு உயரமாகக் கூரை, தளத்துக்குக் கிரானைட், பின்பக்கம் நடிகர்களுக்கு ஒப்பனை அறை. முகப்பில் ஒரு கல் வைக்க ஆசைப்பட்டார்கள். "வெறும் தேதியும் தொகையும் போட்டால் நன்றாக இருக்காது, அண்ணே. நம் மந்தையைப் பற்றியும் மேடையைப் பற்றியும் பத்து வரி எழுதிக் கொடுங்கள். நாளைக்குப் பிள்ளைகள் படிக்க வேண்டும்" என்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அன்று இரவே முதல் வரியை எழுதிவிட்டேன்: "இந்த மந்தையில் ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து விடிய விடிய நாடகம் பார்த்திருக்கிறது." பொங்கல் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த ஒரு வரி இன்னும் என்னை விடவில்லை.

மதுரைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மந்தை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் மந்தையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. மேலூருக்குக் கிழக்கே, கண்மாய்க்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே மந்தையம்மன் கோயில், வடக்கே தார்ச்சாலை, கிழக்கே ஒரு பாசன வாய்க்கால். காலையில் ஊர் மாடுகளெல்லாம் இங்கே வந்து சேரும். மேய்க்கிறவர் வந்து ஓட்டிக்கொண்டு போவார். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இரண்டு மாதம் அருகும் கோரையும் பச்சைப் பிடித்து நிற்கும். தை பிறந்ததும் குளம்படியில் தேய்ந்து செம்மண் தெரிய ஆரம்பிக்கும். பங்குனியில் நெருஞ்சி மட்டும்தான் மிச்சம். நாடகத்துக்கு முந்தின நாள் சிறுவர்களை வரிசையாக விட்டு நெருஞ்சியைப் பிடுங்கச் சொல்வார்கள், பெண்கள் சாணம் கரைத்துத் தெளிப்பார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்தத் தரையிலிருந்து எழும் வாசனைதான் எனக்கு இன்றைக்கும் நாடகத்தின் வாசனை.

ஊர்ப் பொது இடத்துக்கும் கூத்துக்கும் உள்ள உறவு நம் மொழியில் மிகப் பழையது. புறநானூற்றின் 128ஆம் பாட்டில், வள்ளல் ஆய் அண்டிரனின் ஊர் மன்றத்துப் பலா மரத்தில் இரவலர்கள் தங்கள் முழவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கிளையில் இருக்கும் மந்தி அதைப் பலாப்பழம் என்று நினைத்துத் தட்டுகிறது. அந்த ஓசைக்கு மறுமொழி போல அன்னச் சேவல் எழுந்து குரல் கொடுக்கிறது. முடமோசியார் பாடியது. ஊருக்குள் வந்த கலைஞன் வாத்தியத்தை இறக்கி வைக்கத் தயங்காமல் போகிற இடம் மன்றம் என்பதுதான் அந்தப் பாட்டில் என்னை மிகவும் தொட்டது. கல்லுக்கு இதையும் எழுதலாம் என்று குறித்து வைத்தேன்.

யாருக்கும் சொந்தமில்லாத நாடகம்

எங்கள் பக்கத்து நாடகம் என்றால் ஸ்பெஷல் நாடகம். இதற்கு நிலையான குழு கிடையாது. நாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளியாக வரும் பபூன் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பஸ் ஏறி, இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் முதல் முறையாக ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் எடுத்துக் கொடுக்க, முதலில் பபூன், பிறகு டான்ஸ், நள்ளிரவுக்குப் பக்கத்தில் கதை. வள்ளி திருமணம் என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும், பின்பு வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் மணிக்கணக்கில் போகும். நேற்று வரை முகம் தெரியாத இருவர் அந்தத் தர்க்கத்தை விட்டுக்கொடுக்காமல் நடத்துவதைப் பார்க்கத்தான் கூட்டம் தூங்காமல் இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்றால், எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். அந்தப் பாடத்தைப் பெரும்பாலும் தந்துவிட்டுப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், 1922இல் மறைந்தார். பாட்டும் முக்கியமான வசனமும் அவருடையவை. நடுவில் பேசுவது அன்றைய இரவில் நடிக்கிறவர்களுடையது. அவருடைய நாடகங்களையே ஒரு மந்தை என்று நினைத்துப் பார்க்கிறேன். வேலி கிடையாது. யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு வந்து மேய்த்துவிட்டுப் போகலாம். நூறு வருடத்துக்கு மேல் எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைத்திருக்கின்றன.

அந்த மரபிலிருந்துதான் விஸ்வநாததாஸ் வந்தார். 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வள்ளி திருமண மேடையில் முருகனாக நின்று வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனார். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. 1940 டிசம்பர் 31ஆம் தேதி இரவு சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் போனது. முருகனாக நின்றபோது கும்பிட்ட கைகள் வேடம் கலைந்த பிறகு எப்படி நடந்துகொண்டன என்பதை நான் அப்போது ஆழ்ந்து யோசிக்கவில்லை. கல்லில் அவர் பெயரும் வரட்டும் என்று எழுதிக்கொண்டதோடு சரி.

இரண்டு நோட்டுகள்

பத்து வரிக்கு ஆதாரம் தேடி இரண்டு ஏடுகளைப் பார்த்தேன். ஒன்று கிராம நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் அ-பதிவேடு, ஊர் நிலங்களின் கணக்கு. அதில் எங்கள் மந்தை ஒரு ஏக்கர் நாற்பத்திரண்டு சென்ட் புறம்போக்கு என்று இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகனோடு டேப் பிடித்து அளந்தேன். கட்டடம் இல்லாமல் கிடக்கும் தரை முப்பது சென்ட்டுக்குச் சற்றுக் கூட. மேல்நிலைத் தொட்டி, தொலைக்காட்சி அறை, ரேஷன் கடை, அங்கன்வாடி, நூலகம், ஊராட்சி அலுவலகம், எல்லாவற்றுக்கும் நடுவில் மேடை. மிச்சத் தரையிலும் பாதிக்குப் பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். அதில் புல் முளைக்காது, மழைத் தண்ணீர் இறங்காது, பங்குனி வெயிலில் இரவு பத்து மணிக்கும் சூடு போகாது.

இதைத் தனியார் யாரும் வளைக்கவில்லை. அப்படி வளைத்திருந்தால் சண்டை போடலாம். கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரி 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பஞ்சாபைச் சேர்ந்த ஜக்பால் சிங் வழக்கு அது. அந்தத் தீர்ப்பிலேயே, ஏற்கெனவே பள்ளிக்கூடமோ மருந்தகமோ வேறு பொதுப் பயன்பாடோ வந்துவிட்ட இடத்துக்கு விதிவிலக்கு உண்டு. தண்ணீர்த் தொட்டி வேண்டாம் என்று யார் சொல்வது? ரேஷன் கடை வேண்டாம் என்று யார் சொல்வது? ஒவ்வொன்றும் தேவையானதுதான். ஒவ்வொன்றும் வரும்போது ஊர் கை தட்டியது; நானும் தட்டியிருக்கிறேன்.

இரண்டாவது ஏடு என் அப்பாவின் கணக்கு நோட்டு. பல வருடம் அவர்தான் திருவிழாவுக்குக் குடும்பவாரியாக வசூலிக்கும் தலைக்கட்டு வரிக்குப் பொறுப்பு. பரணில் இருந்து எடுத்தபோது கரையான் அரித்தது போக நிறைய மிச்சம் இருந்தது. ராஜபார்ட்டுக்கு எவ்வளவு, பெட்ரோமாக்ஸ் வாடகை எவ்வளவு, நடிகர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை படி அரிசி என்று மணியான கையெழுத்து. நான் ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படித்த இரண்டு வருடங்களுக்கும் பக்கம் காலியாக இருந்தது. மேலே ஒரே வரி: "மழை இல்லாத காரணத்தால் நாடகம் இல்லை." எனக்கு அந்த இரண்டு வருடங்களும் நன்றாக நினைவிருக்கின்றன. நாடகம் ஏன் இல்லை என்று அழுதபோது அப்பத்தாவும் இதையேதான் சொன்னது. பஞ்சத்தில்கூடக் கோயில் காரியத்தை விடாமல் நாடகத்தை மட்டும் நிறுத்திச் சிக்கனமாக இருந்த ஊர் என்று கல்லுக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

வாய்க்கால் கரை

ஓலைக் கொட்டகையாக இருந்த காலத்து மேடையைப் பற்றி ஊருக்குள் கேட்டால் எல்லோரும் ஒரே மூன்று கதைகளைத்தான் சொன்னார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே காலனியில் ஒரு பாட்டிக்கு வள்ளி திருமணம் முழுவதும் பாடமாகத் தெரியும் என்று அங்கன்வாடியில் சமைக்கிற பெண் சொன்னாள். போனேன். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது காலனியில் தாத்தா வயதுக்காரர்களைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். அன்று அந்தப் பாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து "அம்மா" என்று கூப்பிட்டபோது எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "உட்காருங்கள் தம்பி" என்று விசிறியை எடுத்துக் கொடுத்தார்கள்.

பாடச் சொன்னேன். வள்ளி தினைப்புனத்தில் பாடும் ஆலோலம் பாடினார்கள். எண்பதை நெருங்கும் குரலில் அந்தச் சங்கதிகள் எல்லாம் இருந்தன. எந்த ஸ்திரீபார்ட் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், யார் மேல் ஸ்தாயியில் குரலை உடைப்பார் என்றெல்லாம் சொன்னார்கள். "எந்த வேடம் உங்களுக்குப் பிடிக்கும்? மேடையில் யார் அழகு?" என்று கேட்டேன். "மேடையில் எங்கே பார்த்தேன் தம்பி? நீங்கள் முன்னால் இருந்து பார்த்தீர்கள், நான் பின்னால் இருந்து கேட்டேன்" என்றார்கள்.

மேடை எப்போதும் கோயிலைப் பார்த்துத்தான் இருக்கும். அம்மன் நாடகம் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். கோயில் மேற்கே இருப்பதால் மேடை மேற்கே பார்த்து நிற்கும். அதன் முதுகு கிழக்கே, வாய்க்காலைப் பார்த்து. வாய்க்காலின் அந்தக் கரை வரைக்கும்தான் காலனி மக்கள் வரலாம். நாற்பது வருடத்துக்கு மேல் என் ஊரில் நாடகம் பார்த்திருக்கிறேன். மேடைக்கு ஒரு முதுகு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பனை ஓலைத் தட்டியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டு நிழல் ஆடும், அதுதான் அவர்களுக்கு வேடம். ஆனால் அவர்கள் கண்ட ஒன்றை நாங்கள் காணவில்லை. நடிகர்கள் முகம் கழுவ வாய்க்காலுக்குத்தான் வருவார்கள். கிரீடத்தைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு அரிச்சந்திரன் பீடி பிடித்திருக்கிறான். மயான காண்டத்தில், செத்துப்போன லோகிதாசனுக்காக மேடையில் கதறிவிட்டு இறங்கி வந்த சந்திரமதி, இருட்டில் உட்கார்ந்து தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அதைப் பாட்டியின் மடியில் கிடத்திவிட்டு மறுபடியும் அழப் போனாளாம். "தூங்குகிற வரைக்கும் நான்தான் வைத்திருந்தேன். அவள் எந்தச் சாதியோ, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை" என்றார்கள்.

பிறகு அவர்களாகவே கேட்டார்கள்: "நடுவில் இரண்டு வருடம் நாடகம் இல்லையே, நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது. மழை இல்லாத வருடம்."

அவர்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். கோபமாகக்கூட இல்லை. "கண்மாய் நிறைந்து கலுங்கு ஓடிய வருடம் தம்பி அது. என் மகளுக்குக் கலுங்கில் மீன் பிடித்துக் கொடுத்த நினைவு இருக்கிறது" என்றார்கள்.

நடந்தது இதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் வந்த காலனிப் பையன்கள் ஐந்தாறு பேர் அந்தப் பங்குனியில் வாய்க்காலைத் தாண்டி வந்து, மந்தையின் கிழக்கு ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். முருகன் பாதிப் பாட்டில் இருக்கும்போது ஊர்க்காரர்கள் மைக்கை நிறுத்தினார்கள். விடிவதற்குள் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அடுத்த வருடம் அவர்களும் உட்காருவார்கள் என்று தெரிந்ததும், நாடகமே வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. இரண்டு வருடம். மூன்றாம் வருடம் தாலுகா அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போட்டு, எல்லோரும் உட்காரலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பாட்டி அன்றுதான் முதல் முறையாக வள்ளியின் முகத்தைப் பார்த்தார்கள்.

வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு வரும் நூறு அடி தூரம் எனக்கு நீளமாக இருந்தது. நாடகம் இல்லை என்று அழுத பிள்ளைக்கு அப்பத்தா சொன்ன பதிலை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பா நோட்டில் எழுதினார். படிப்பதற்கு யாருமில்லாத, வரவு செலவுக்கான நோட்டில், ஒரு பைசா தவறாமல் கணக்கு எழுதிய அதே கையால், மழை இல்லை என்று எழுதினார். ஊரில் அவரை நியாயஸ்தர் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், இன்றைக்கும். அதனால்தான் அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

அடிக்கல்களின் தேதி

அன்று மாலை மந்தையில் ஒவ்வொரு கட்டடத்தின் அடிக்கல்லையும் படித்துக்கொண்டே சுற்றினேன். சின்ன வயதிலிருந்து பார்த்த கல்கள்தான், தேதியைப் பார்த்ததில்லை. தொலைக்காட்சி அறை 1990. மேல்நிலைத் தொட்டி 1992. கான்கிரீட் மேடை 1996, அது நாடாளுமன்ற உறுப்பினர் நிதித் திட்டம் வந்த புதிது. ரேஷன் கடை 1999. மற்றவை அதற்குப் பிறகு. அமைதிக் கூட்டம் நடந்தது 1989. அதற்கு முன்னால் அந்தத் தரையில் மாடுகளுக்கான ஒரு கல் தொட்டியைத் தவிர எதையும் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் முதல் நான்கில் மேடை நீங்கலாக மூன்றும் கிழக்கு ஓரத்தில்தான், அந்தப் பையன்கள் துண்டு விரித்த இடத்தில். மந்தை எல்லோருக்கும் ஆன வருடத்திலிருந்துதான் மந்தை குறைய ஆரம்பித்திருக்கிறது.

இது திட்டம் போட்டுச் செய்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எல்லா ஊர்களிலும் தொட்டியும் ரேஷன் கடையும் வந்தன. புறம்போக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கட்ட முடியும். அப்போது ஊராட்சியில் இருந்த என் பெரியப்பாவிடம் கேட்டேன். "காலியாகக் கிடந்தது, கட்டினோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அந்த இடம் உண்மையிலேயே காலியாகத்தான் தெரிந்திருக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு இரவு அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவர் கணக்கில் வரவில்லை. நான் முப்பது சென்ட் என்று டேப் பிடித்து வருத்தப்பட்டபோதும், ஒரு ஏக்கர் நாற்பத்திரண்டு சென்ட்டும் ஒரு காலத்தில் எல்லோருடையதாக இருந்தது என்று நினைத்துக்கொண்டுதான் வருத்தப்பட்டேன். அந்த முழு மந்தையும் எல்லோருக்குமானதாக இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

பத்து வரியைத் திருத்தி எழுதினேன். முழவும் பலா மரமும் இருந்தன, சங்கரதாஸ் சுவாமிகள் இருந்தார், விஸ்வநாததாஸ் இருந்தார். கடைசியில் மூன்று வரி சேர்த்தேன்: "1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகள் இங்கே நாடகம் நடக்கவில்லை. காலனி மக்கள் மந்தையில் உட்கார்ந்து பார்ப்பதை ஊர் ஏற்கவில்லை. 1989 முதல் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோம்." கமிட்டியில் இரண்டு நாள் பேசினார்கள். வெளியூர்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் இருக்கட்டும் என்றார்கள். பெரியவர்கள் ஆறிப்போன புண்ணைக் கிளற வேண்டாம் என்றார்கள். மூன்று வரியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பொறிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் கல்லில் தேதியும் தொகையும் மட்டும் இருக்கின்றன. அன்று இரவு அப்பாவின் நோட்டை எடுத்து, அவருடைய வரியை அடிக்காமல், அதன் கீழே என் கையெழுத்தில் எழுதினேன்: "கலுங்கு ஓடிய வருடம்." காரணத்தையும் எழுதித் தேதி போட்டேன்.

பொங்கலுக்கு நாடகம் வள்ளி திருமணம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்கிறது 2000இல் வந்த ஒலி மாசு விதி. நாடகம் வாய் திறக்கும் நேரமே அதுதான். கமிட்டியினர் அனுமதிக்காக அலைந்து, கோயில் பக்கம் மட்டும் இரண்டு பெட்டிகள் வைத்துக் குறைந்த சத்தத்தில் நடத்தினார்கள். கூட்டம் முப்பது சென்ட்டில் கொள்ளவில்லை. பேவர் பிளாக் சூட்டில் உட்கார முடியாமல் பாதிப் பேர் தார்ச்சாலையில் பாய் விரித்தார்கள். கடைசி பஸ் அவர்களை எழுப்பிவிட்டுப் போனது. ஊர், காலனி என்ற பிரிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கம்.

பாட்டியை அந்தக் கூட்டத்தில் தேடினேன். நாரதர் வந்துவிட்டுப் போன பிறகு, புது ஒப்பனை அறைக்குப் பக்கத்தில், மேடையின் முதுகுப் பக்கம் பேத்தியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எனக்குப் பதறியது. "இங்கே ஏன் அம்மா? முன்னால் வாருங்கள்" என்றேன்.

"முன்னால் எங்கே தம்பி இடம் இருக்கிறது?" என்றார்கள்.

பேத்தி கொஞ்சம் நகர்ந்து சாக்கை விரித்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இங்கிருந்து பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை, ஆனால் பாட்டி ஒவ்வொரு அடியையும் அரைக் கணம் முன்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மணி வாக்கில் வள்ளி இறங்கி வந்து, பவுடர் வழியும் முகத்தோடு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பேத்தி எழுந்து சொம்பை நீட்டினாள்.